பெரியோரின் சொல்லும் குழந்தையின் அச்சமும்

2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் மார்ச் 16-இல் அறிவிக்கப்பட்டது. ஜூன் 4-இல் வாக்குகள் எண்ணப்பட்டன. உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் ஏழு கட்டங்களிலும் வாக்குப்பதிவு இருந்தது. எண்பது நாட்கள் நீடித்த அந்த ஒலிபெருக்கிகளுக்கும் ஊர்வலங்களுக்கும் நடுவே குழந்தைகளும் வாழ்ந்தார்கள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வாக்குரிமை 18 வயதில்தான் வருகிறது. அச்சமோ அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது.

'அவர்கள் வந்துவிட்டால் நாடே அழிந்துவிடும்' என்று இரவு உணவின்போது ஒரு தந்தை சொல்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் அவருடைய தம்பிக்கு அது மிகைச்சொல் என்பது தெரியும். சொன்னவரும் மறுநாள் காலை வழக்கம்போல் அலுவலகம் செல்வார். ஆனால் அருகிலிருக்கும் எட்டு வயதுக் குழந்தையிடம் அந்தச் சொல்லைக் குறைத்து எடைபோடும் அளவுகோல் இல்லை. நாடு அழியும் என்றால் நம் வீடும் பள்ளியும் அழியுமா என்று அது எண்ணுகிறது. வாய்விட்டுக் கேட்காமலும் இருக்கலாம். வயிறு வலிக்கிறது என்று சொல்லும், அல்லது தாயின் அருகில் வந்து படுத்துக்கொள்ளும்.

சத்தியத்திற்குப் பகை பொய் மட்டுமே என்று கருதிப் பழகிவிட்டோம். மிகைப்படுத்தலும் அசத்தியமே. பெரியவர்களிடையே அது தேய்ந்துபோன நாணயம். குழந்தையோ அதை முழு மதிப்பிற்கு வாங்கிக்கொள்கிறது. குழந்தைகளைப் பிரசாரத்தில் ஈடுபடுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளை அறிவுறுத்தியது. வீட்டுக்குள் நடக்கும் பிரசாரத்தைக் கண்காணிக்க ஆணையம் ஏதுமில்லை. (வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் கூடாது என்பது சட்டம். உணவு வேளையில் தொலைக்காட்சிக்கும் அப்படியொரு சட்டம் இருந்தால் நன்றாயிருக்கும்!)

அப்படியானால் குழந்தைகளின் முன் அரசியலே பேசக்கூடாதா? பலரும் கூறும் இந்தத் தீர்வில் எனக்கு உடன்பாடில்லை. நாம் பேசாவிட்டாலும் தெருவும் வகுப்பறையும் பேசுகின்றன. மேலும், கட்சி மோதல்கள் நிகழும் ஊர்களில் 'ஒன்றுமில்லை, தூங்கு' என்று சொல்வதும் அசத்தியமாகிறது. கல் விழுந்த ஓசையைத் தன் காதால் கேட்ட குழந்தை அதை நம்பாது. பிறகு நாம் கூறும் வேறெதையும் நம்பத் தயங்கும். 'ஆம், தெருவில் சண்டை நடந்தது. இன்று நாம் வெளியே போக வேண்டாம். அப்பா வீட்டில்தான் இருப்பார். பள்ளி திறந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன்' என்னும் சொற்களில் மிகையுமில்லை, மறைப்புமில்லை. குழந்தை பற்றிக்கொள்ள அவை போதும்.

குழந்தையின் மனத்தில் இருக்கும் பெரிய கேள்வி அரசு யாருடையது என்பதன்று. வாதிட்டுவிட்டுக் கோபமாகப் போன சித்தப்பா மீண்டும் வீட்டுக்கு வருவாரா என்பதே. வேதாந்தம் இங்கே ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடக் கூடாது. கருத்து, மனிதன் அணிந்திருக்கும் ஓர் உபாதி. உள்ளே உறைவது ஆன்மா என்று சொற்பொழிவில் கேட்டுத் தலையசைக்கிறோம். கீதை பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பக்தனின் இலக்கணங்களைக் கூறத் தொடங்கும்போது எவ்வுயிரிடமும் பகையின்மையையே முதலில் வைக்கிறது. அந்த இலக்கணம் நம்மிடம் உள்ளதா என்பதைச் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் நாம் முதலில் பேசுகிறோமா என்பதில் குழந்தை கண்டுகொள்ளும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்றைச் சொல்லலாம். 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை அது என்றார் காந்தியடிகள். தீண்டாமையை வெறுத்த தாகூரே இந்தக் கூற்றை வன்மையாக மறுத்தார். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தமது 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, தம் பதிலையும் எழுதினார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1940 பிப்ரவரியில், அவர் சாந்திநிகேதனுக்குச் சென்று விடைபெறும் வேளையில் தாகூர் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். தம் வாழ்நாள் உழைப்பான விசுவபாரதியைத் தமக்குப்பின் காக்கும் பொறுப்பை ஏற்குமாறு அதில் வேண்டியிருந்தார்.