இடது கை, வலது கை

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று ஒரு பழமொழி. 'சார், அது பேர் இல்லை, வேர். மூலிகை வேர்!' என்று நீங்கள் திருத்த வருவது தெரிகிறது. இருக்கட்டும். எனக்கென்னவோ கொச்சையாகிப் போன வடிவத்தில்தான் உண்மை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.

வைத்தியராவது பரவாயில்லை. முதலில் பிணத்தை அறுத்துப் பழகுகிறார். தையல் கற்பவருக்குப் பழைய நியூஸ் பேப்பர். கார் ஓட்டக் கற்பவருக்கு முன்னாலும் பின்னாலும் 'எல்' போர்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக்.

வாத்தியார் வேலைக்குப் படிப்பவர் எதை வைத்துப் பழகுவார்? உங்கள் பிள்ளையை வைத்துத்தான்.

பட்டப்படிப்பு முடித்து பி.எட். படித்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், முதலில் சிரிப்பார்கள். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களில் கண்டுபிடித்த முறை. அஞ்சாறு நிமிஷப் பாடம், அஞ்சாறு மாணவர்கள். மாணவர்களாக நடிப்பது கூடப் படிப்பவர்களே. இரண்டு குழந்தை பெற்ற அக்கா ஒருவர் எட்டாம் வகுப்புச் சிறுமியாக மாறி, 'டீச்சர், எனக்குப் புரியலை' என்று கொஞ்சுவார். கேலிக்கூத்துதான். ஆனால் அந்தக் கூத்தில் யாருக்கும் காயம் இல்லை. காயம் அதற்கு அப்புறம், நிஜப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது ஆரம்பிக்கிறது.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தான். அந்த நாளில் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்தி வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அசந்துபோனவர், விவரம் தெரிந்த பையன்களையே மற்றவர்களுக்கு வாத்தியாராக்கினார். ஊர் திரும்பி 1797ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெல் துரைக்கு ஏற்பட்ட பேரில் நமது சட்டாம்பிள்ளைக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது என்று கேட்காதீர்கள்!

1856ல் சென்னையில் ஆசிரியர்களைத் தயாரிப்பதற்கென்றே அரசாங்கம் ஒரு 'நார்மல் ஸ்கூல்' தொடங்கியது. அதுதான் பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. யாருடைய பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த ராதாகிருஷ்ணனே எல்.டி. பயிற்சிக்கு அங்கேதான் போனார். பக்கத்திலேயே ஒரு மாதிரிப் பள்ளியும் உண்டு. பழகுவதற்குப் பிள்ளைகள் வேண்டாமா?

நான் பி.எட். படித்தது 1996ல். அப்போது அது ஒரே வருஷப் படிப்பு. பள்ளியில் பயிற்சி 40 நாள். கல்லூரியின் பெயரோ பள்ளியின் பெயரோ வேண்டாம், அவர்கள்மேல் தப்பு இல்லை. ராத்திரியெல்லாம் பாடக்குறிப்பு எழுதுவோம், சார்ட் வரைவோம். வரையத் தெரியாதவர்கள் காசு கொடுத்து வரைந்து வாங்குவோம். காலையில் அயர்ன் பண்ணின சட்டையோடு எட்டாம் வகுப்பு பி பிரிவுக்குள் நுழைவேன். 52 பேர். அவர்கள் பார்வையில் நான் பாதி வாத்தியார், பாதி வேடிக்கை.

கடைசி வாரம் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து வகுப்பின் பின்னால் உட்காருவார். எனக்கு முந்தின வருஷம் படித்த சீனியர் ஒருவர் டீக்கடையில் வைத்து ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்தார். 'கேள்வி கேட்டா எல்லாப் பயலும் கையைத் தூக்கணும். பதில் தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வலது கையாப் பாத்து எழுப்பு. முடிஞ்சுது!'

செய்தேன். முதல் நாளே ஒத்திகை பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி, திருட்டு விளையாட்டு அல்லவா? ஒரு வகுப்புக்கே பொய் சொல்லப் பயிற்சி கொடுக்கிறோம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் தேறினால் நாளைக்கு எத்தனையோ பிள்ளைகளுக்கு நல்லது செய்யப் போகிறேன், இதெல்லாம் ஒரு தப்பா? இப்படித்தான் மனசு கணக்குப் போடும். கவனித்திருக்கிறீர்களா? நாம் செய்யும் சின்ன மோசடிக்கெல்லாம் எதிர்காலத்தில் நாம் செய்யப்போகும் பெரிய நன்மையைத்தான் ஜாமீன் வைப்போம்.

தேர்வு நாள். பாடம், ஆர்க்கிமிடீஸ் தத்துவம். 'இரும்பு ஆணி தண்ணீரில் மூழ்கிவிடுகிறது. அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது?' 52 கைகள் உயர்ந்தன. தேர்வாளர் முகத்தில் மலர்ச்சி. கடைசி பெஞ்சில் ஒரு பையன். 40 நாளும் வாய் திறக்காதவன். ஒத்திகையில் எல்லாக் கேள்விக்கும் இடது கைதான். இன்றைக்கு வலது கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து பாதி எழுந்தேவிட்டான்.

பய குழம்பிட்டான், எழுப்பினால் மானம் போய்விடும் என்று நினைத்தேன். முதல் பெஞ்சு மாணவியை எழுப்பினேன். 'இடம்பெயர்ந்த நீரின் எடை...' என்று கடகடவென்று ஒப்பித்தாள். தேர்வாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அந்தப் பையனின் கை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எனக்கு நண்பர். சமீபத்தில் இதை அவரிடம் சொன்னேன். 'விடுங்க சார். யாராவது ஒருத்தன்கிட்ட தப்பு பண்ணித்தான் எல்லாரும் கத்துக்கறோம். அவனுக்கு அப்புறம் வந்த ஆயிரம் பிள்ளைங்களுக்கு ஒழுங்காச் சொல்லிக் கொடுத்தீங்கள்ல? கணக்கு நேராயிடுச்சு' என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அந்தக் கணக்கு நேராகவில்லை. ராமசாமியிடம் வாங்கிய கடனைக் கிருஷ்ணசாமிக்குத் திருப்பிக் கொடுத்தால் எந்த பேங்க்காரன் ஒப்புக்கொள்வான்?

ஆனாலும் அவர் சொல்வதை அடியோடு தள்ளவும் முடியவில்லை. உயிருள்ள வகுப்பில் தடுமாறாமல் யாரும் வாத்தியாராக முடியாது. தடுமாறுவது தப்பு இல்லை. அன்றைக்கு நான் தடுமாறவே இல்லை என்பதுதான் தப்பு. தடுமாறாமல் காட்டுவதற்காக ஒரு பையனை அழித்துவிட்டேன், கரும்பலகையில் தப்பாக எழுதினதை அழிப்பதுபோல.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2015ல் பி.எட். இரண்டு வருஷமானது. இரண்டாம் வருஷத்தில் மட்டும் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்கத் தகுதித் தேர்வு வேறு. 2012ல் தமிழ்நாட்டில் முதல் தடவை அதை நடத்தியபோது, 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே வேலையில் இருந்து, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் பாக்கி இருப்பவர்களும் இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும் என்று சொன்னது. இருபது வருஷம் பாடம் நடத்தினவர்கள் மறுபடி கைடு வாங்கினார்கள்.

சரியா, தப்பா என்று வாதாட நான் வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். 16 வாரமோ 40 நாளோ, பயிற்சி முடிந்ததும் மதிப்பெண் போடுகிறவர்கள் எல்லோரும் பெரியவர்கள். யார்மேல் பழகினோமோ, அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. என் வகுப்பைப் பற்றி அன்றைக்கு அந்தக் கடைசி பெஞ்சைக் கேட்டிருந்தால்?

கேட்காமலே சொன்னான். தேர்வு முடிந்து சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் போகும்போது பின்னாலேயே ஓடி வந்தான்.

'சார், எனக்கு நெசமாவே தெரியும் சார்.'

'எதுடா?'

'கப்பலு. உள்ள காலியா இருக்குல்ல, அதான். எங்க வீட்டுக் கொடமும் அப்படித்தான் சார். காலியா விட்டா கெணத்துல மெதக்கும். தண்ணி ரொம்பிச்சுன்னா முழுவிடும்.'

இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான் எழுதிய பாடக்குறிப்பில் அந்தக் குடம் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் அவன் தோளைத் தட்டினேன்.

'நாளைக்கும் நீங்கதான வருவீங்க சார்?' என்று கேட்டான்.

அன்றோடு என் 40 நாள் முடிந்துவிட்டது. 'ம்' என்றேன்.