இங்கே என்ன இருக்கிறது படம் எடுக்க?

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்கள். அதை வெளியே திருப்பிப் படம் எடுப்பது அபூர்வம். எடுக்க என்ன இருக்கிறது? வடக்கே கஞ்சமலை, தென்கிழக்கே அலவாய்மலை, இடையில் மரவள்ளிக் காடு, தறிச் சத்தம், முறுக்குக் கடை. நேற்றும் இருந்தது, நாளைக்கும் இருக்கும். ஆனால் இதே பஸ்ஸில் ஏறிப் போய் விமானம் பிடித்து ஜப்பானின் நாகோயாவிலோ ஒசாகாவிலோ இறங்குகிற பையன், தங்கும் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நாற்பது ஐம்பது படம் எடுத்துவிடுவான். கண் அதே கண். ஊர்தான் வேறு.

இப்படிப் போகிறவர்கள் இனி பெருகுவார்கள். முதியவர்கள் கூடி, வேலைக்கு ஆள் குறைந்துபோன ஜப்பான், திறன் பெற்ற தொழிலாளர்களுக்கென்று 2019 ஏப்ரலில் தனி விசாவைத் தொடங்கியது. 2021 ஜனவரியில் இந்தியா அதற்கான உடன்பாட்டில் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் அறிவித்த திட்டத்தில், ஐந்தாண்டுகளில் 50,000 இந்தியத் திறன் தொழிலாளர்களை ஜப்பானுக்கு அனுப்புவது இலக்கு. அந்தக் கூட்டத்தில் சேலம், நாமக்கல் பக்கத்துப் பையன்களும் பெண்களும் இருக்கத்தான் போகிறார்கள். அவர்களில் சிலர், வெளிநாட்டில் வேலை செய்யும் பலரையும்போல, தினம் ஒரு படம் என்று ஒரு கணக்கை ஆரம்பிப்பார்கள். முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

முதல் சில மாதங்களுக்குக் கவலையே இல்லை. தெருமுனையில் நிற்கும் இயந்திரத்தில் காசு போட்டால் குளிர்காலத்தில் சுடச்சுட காபி டப்பா விழுகிறது. உணவகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக்கில் செய்த நூடுல்ஸ் கிண்ணம், ஆவி மட்டும்தான் இல்லை. ரயில் கிளம்பும் முன் ஊழியர் வெள்ளைக் கையுறையோடு சிக்னலைச் சுட்டிக்காட்டி, தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்கிறார். எல்லாமே படம். மார்ச் கடைசியில் சகுரா என்கிற செர்ரிப் பூ பூத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தப் பூ பத்து நாள் தாங்கினால் பெரிது. ஜூனில் மழை பிடித்துக்கொள்கிறது. அதற்குள் அறை, தொழிற்சாலை, இருபத்து நான்கு மணி நேரக் கடை, மறுபடி அறை என்று நாள் சுருங்கிவிடும். பல தொழிற்சாலைகளில் உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஆக, நாளின் பெரும்பகுதி கணக்கிலேயே வராது. மிச்சமிருப்பது சைக்கிள் நிறுத்துமிடமும், மின்கம்பியும், ஈரக் குடையும்.

பெரும்பாலான தினப்பட முயற்சிகள் நின்றுபோவது இந்த இடத்தில்தான். உண்மையில் அவை தொடங்க வேண்டிய இடமும் இதுதான். அதுவரை நடந்தது சுற்றுலா. புதுசு தீர்ந்த பிறகு எடுக்கிற படத்துக்குத்தான் எடுக்கிறவன் பொறுப்பாகிறான்.

நியூயார்க்கைச் சேர்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் இதற்கு நல்ல சாட்சி. பார்ட் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, 1979 மார்ச் 31 அன்று ஒரு போலராய்டு படம் எடுத்தார். பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஒன்று, ஒரே ஒன்று. போலராய்டில் சுட்டால் சுட்டதுதான்; பத்து எடுத்து நல்லதைப் பொறுக்கும் வசதி இல்லை. தட்டில் மிச்சம் வைத்த சாப்பாடு, நண்பர்கள், ஒன்றுமே நடக்காத ஒரு மூலை என்று அதில் பெரும்பாலானவை கண்காட்சிக்கு வைக்கிற படங்களே அல்ல. கடைசியில் மருத்துவமனைக் கட்டில் வருகிறது. 1997 அக்டோபர் 25, தன் நாற்பத்தொன்றாவது பிறந்த நாளில், புற்றுநோயால் இறந்தார். அன்றைக்கும் படம் இருக்கிறது. மொத்தம் 6,697. நண்பர்கள் அவற்றைத் தொகுத்து 2007-இல் அதே கல்லூரியில் சுவர் நிறைய மாட்டிவைத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம். வரிசையாகப் பார்த்தால் ஓர் ஆள் அங்கே வாழ்ந்து முடிக்கிறார்.

ஜப்பானில் பிறந்த ஆன் கவாரா கேமராகூட இல்லாமல் இதைச் செய்தார். 1966 ஜனவரி 4 முதல், அன்றைய தேதியை மட்டும் ஓவியமாக வரைவது அவர் வழக்கம். நள்ளிரவுக்குள் முடிக்காவிட்டால் அந்த ஓவியத்தை அழித்துவிடுவார். 1970-லிருந்து அவர் நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் தந்தி அனுப்பினார். அதில் ஒரே செய்தி: இன்னும் உயிரோடிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற தினப்படமும் முக்கால்வாசி இந்தத் தந்திதான். ஜப்பானில் மணி ஒன்பது என்றால் இங்கே ஐந்தரை. "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்கிற அம்மாவுக்கு, பதிலாக ஒரு பூங்காவும் பாலமும் போய்ச் சேரும். பனியில் நடுங்கி, மொழி புரியாமல் தலையாட்டி, மேலாளரிடம் பேச்சு வாங்கிய நாளிலும் போவது அதே பாலம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, நம் குடும்பங்களின் பழைய நாகரிகம்தான். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த கடிதங்கள் 'இங்கு அனைவரும் நலம்' என்றுதான் தொடங்கின. ஆனால் ஒரு வருஷம் கழித்து அந்த ஆளே திரும்பிப் பார்க்கும்போது சிக்கல் வருகிறது. அம்மாவுக்காக எடுத்த முந்நூற்றுச் சொச்சம் படங்களில் அவனுடைய வருஷம் இருக்காது. அனுப்புகிற படம் ஒன்று, அனுப்பாமல் வைத்துக்கொள்கிற படம் ஒன்று என்று இரண்டு வரிசை வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவதில் அழுக்குப் பாத்திரம் இருக்கட்டும், காய்ச்சல் மாத்திரை இருக்கட்டும்.

இந்த அற்ப விவரங்களால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கியோட்டோவில் அரசவைக்காரர்களும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்பில், இன்ன தேதியில் பூ பார்க்கப் போனோம், விருந்து நடந்தது என்று எழுதிவைத்தார்கள். பிற்காலத்துக்குச் சேவை செய்யும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்காது. ஒசாகாவில் பேராசிரியராக இருந்த யசுயுகி அவோனோ அந்தப் பழைய குறிப்புகளைத் துழாவி, கி.பி. 812-லிருந்து கியோட்டோவில் சகுரா முழுதாகப் பூத்த நாட்களின் பட்டியலைத் தொகுத்தார். 2021-இல் மார்ச் 26 அன்றே முழுதாகப் பூத்தபோது, 1,200 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று உலகம் தெரிந்துகொண்டது அந்தப் பட்டியலால்தான். பூமி சூடாவதற்குச் சாட்சி சொன்னவை யாரோ குடித்துக் களித்த நாட்களின் குறிப்புகள்!

நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-இல் இறக்கும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, யார் யாரோடு மனஸ்தாபம் என்று எல்லாம் அதில் உண்டு. அங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் காலத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

பலர் சேர்ந்து ஓர் ஊரை ஒரு வருஷம் படமெடுத்த கதையும் தமிழ்நாட்டில் உண்டு. கொச்சியைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத் முன்னின்று நடத்த, 2014-15-இல் திருவண்ணாமலையை மையமாக வைத்து 'புராஜெக்ட் 365' நடந்தது. கார்த்திகை தீபத்துக்கு மட்டும் கேமராவோடு இறங்குகிற ஊரில், தீபம் இல்லாத நாட்களின் தெருவையும் வீட்டையும் ஆட்களையும் சேர்த்துப் பொது ஆவணமாக்குவது நோக்கம்.

ஆட்டையாம்பட்டிக்குத் தீபமும் இல்லை, கிரிவலமும் இல்லை. அதனால்தான் தினப்படத்துக்கு இது தோதான ஊர் என்று தோன்றுகிறது. முறுக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஆட்டையாம்பட்டி முறுக்கு என்றால் தெரியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. சுற்றுகிற கையைப் பார்த்தவர்கள்தான் குறைவு. பிசைந்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து, எண்ணெய் தொட்ட விரல்களால் திருகிக்கொண்டே வட்டமாக இறக்குகிறார்கள். திருகலும் வட்டமும் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். விரல் நின்றால் திருகு அவிழும். உள்வட்டம் கோணினால் கடைசிவரை கோணல்தான். ஒரே கை, ஒரே முறுக்கு, தினமும். ஒரு மாதம் தொடர்ந்து எடுத்தால், மாவு இளகிய நாளும் கை வலித்த நாளும் அந்தச் சுற்றில் தெரியும் அளவுக்கு எடுத்தவர் கண் பழகியிருக்கும். ஒரே ஒரு படத்தில் அது வராது.

அடுத்து ஜவ்வரிசிக் களம். மரவள்ளி அறுவடைக் காலத்தில் ஆலைக்குப் பக்கத்துத் தரை முழுக்க வெள்ளையாக விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் களத்தைப் படமெடுத்தால் பெரும்பாலும் அழுக்குச் சாம்பலாகத்தான் வரும். கேமராவின் ஒளிமானிக்கு வெள்ளை என்று ஒன்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்வதால், வெள்ளையைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் நாமாகக் கூட்டிவைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். ஹொக்கைடோவின் பனியில் ஒரு குளிர்காலம் படமெடுத்தவனுக்கு இது கைப்பாடமாகியிருக்கும். பனியில் கற்ற கணக்கு வெண்ணந்தூர் ரோட்டுக் களத்திலும் செல்லும். கண் கூசுகிற அந்த மத்தியான வெள்ளையில், குனிந்து கிளறிவிடுகிற பெண்ணின் முகம் நிழலில் கறுத்துப் போகாமல் எடுக்க முடிந்தால் அவன் தேறிவிட்டான் என்று அர்த்தம்.

ஜப்பான் ஓவியர் ஹொகுசாயையும் நமக்குத் தந்திருக்கிறது. எழுபது வயதை ஒட்டி, 1830-களின் தொடக்கத்தில், ஃபூஜி மலையை முப்பத்தாறு கோணத்தில் வரையத் தொடங்கி, நாற்பத்தாறில் போய் நிறுத்தினார். பல படங்களில் மலை ஓரத்தில் சின்னதாக நிற்கும். முன்னால் பீப்பாய் செய்கிறவர், மரம் அறுக்கிறவர், அலையில் தத்தளிக்கிற படகோட்டிகள். கஞ்சமலையை அப்படி யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. தறிக்கூடத்துச் சந்து வழியாகவோ, லாரியின் கண்ணாடியிலோ, மொட்டை மாடிக் கொடிச் சேலைகளுக்கு நடுவிலோ அது ஒரு வருஷம் நிற்கலாம்.

ஆட்களைப் படமெடுப்பதில் இரண்டு ஊரும் எதிரெதிர். ஜப்பானில் விற்கும் கைபேசிகளில் படமெடுக்கும் சத்தத்தை நிறுத்தவே முடியாது என்பது வழக்கம். களவாகப் படமெடுப்பதைத் தடுக்க, கேமராக் கைபேசி வந்த காலத்திலேயே நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. ரயிலில் அந்தச் சத்தம் கேட்டால் நாலு தலை திரும்பும். அங்கே சில வருஷம் இருந்தவன் முதுகையும் நிழலையும் எடுக்கப் பழகிவிடுவான். இங்கே கேமராவை எடுத்தாலே, "எங்கள ஒண்ணு புடி சாமி" என்று பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றுவிடுவார். அந்த விறைப்பு கலையும்வரை நாலு நாள் போய் வர வேண்டும். எடுத்த படத்தை பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தால் ஐந்தாம் நாள் அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். தினமும் போகிறவனுக்கு மட்டுமே கிடைக்கிற படம் அது.

சுமையாகிவிடாதா என்றால், ஆகும். தூங்கப் போகும் நேரத்தில் இன்றைக்கு எடுக்கவில்லையே என்று எழுந்து, மின்விசிறியை ஒரு படம் எடுத்துவிட்டுப் படுக்கிற நாட்கள் வரும். ஒரு நாள் விட்டுப்போனதும் மொத்தத்தையும் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் தைவானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த டெசிங் ஷியேயைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1980 ஏப்ரல் 11 முதல் ஒரு வருஷம், இரவு பகலாக, மணிக்கொரு முறை தொழிற்சாலை வருகைக் கடிகாரத்தில் அட்டையைப் பதித்து, ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிலிம் சட்டம் தன்னைப் படமெடுத்துக்கொண்டார். 8,760 முறை பதிக்க வேண்டியதில் 133 தவறிப்போனது. அதை அவர் மறைக்கவில்லை. தூங்கிப்போனது 94, தாமதமானது 29, முந்திக்கொண்டது 10 என்று காரணம் பிரித்துப் பட்டியல் போட்டுப் படைப்போடு சேர்த்தே வைத்தார்.