வாடிய முகமும் விளங்காத மௌனமும்



ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தை ஒரு கொலையின் கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் கொலைக்கு முன்னதாக அங்கே ஒரு முகம் இருக்கிறது. ஆபேலின் காணிக்கை ஏற்கப்பட்டது. காயினின் காணிக்கை ஏற்கப்படவில்லை. காயினுக்குச் சினம் மூண்டது, முகம் தொங்கிப் போயிற்று. அந்த முகத்தைக் கவனித்தவர் ஆண்டவரே. குற்றம் நடப்பதற்கு முன்பே அவனிடம் சென்று, என்ன வாட்டம் என்று கேட்டார். ஆபத்து வாசலருகே இருக்கிறது என்று எச்சரிக்கவும் செய்தார். அவன் மறுமொழி சொன்னதாக வேதாகமத்தில் இல்லை. அடுத்தபடியாக அவன் தம்பியோடு வயலில் நிற்கிறான்.

சொல்லப்படாத அந்த மறுமொழியைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விழைகிறேன். ஏனென்றால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ வீடுகளில் ஒருவர் முகம் வாடிப் போவதும், மற்றவருக்கு அது ஏனென்று விளங்காமற் போவதும், இருவரும் பேசாமலே படுக்கைக்குச் செல்வதும் நாளாந்த நடப்பாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் இப்படி ஒரு தம்பதியை எண்ணிக்கொள்ளுங்கள். கணவர் துறைமுகத்தில் வேலை. நல்ல மனிதர், கை நிறைய அன்பு. ஆனால் சாவியை எங்கே வைத்தோம், பிள்ளையின் பாடசாலைக் கூட்டம் என்றைக்கு என்பதெல்லாம் அவர் தலையில் நிற்காது. மனைவி அடுப்படியிலிருந்து, “கரண்ட் பில் கட்டியாச்சாங்க?” என்று கேட்கிறாள். கேள்வி அவ்வளவுதான். அவரோ, “நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு நேராவே சொல்லேன்!” என்று கத்திவிட்டு வெளியே போய்விடுகிறார். அவள் கரண்டியும் கையுமாகத் திகைத்து நிற்கிறாள்.

வெள்ளவத்தையில் இன்னொரு வீடு. ஆவணி பத்தாம் தேதி புனித லோரன்ஸ் திருநாள். மனைவி புதுச் சீலை உடுத்துக்கொண்டு வந்து, “இஞ்சாருங்கோ, எப்பிடி இருக்கு?” என்று கேட்கிறாள். “போன வருஷம் உடுத்தது இதைவிட நல்லாயிருந்தது” என்கிறார் அவர். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்லிவிட்டார். அவர் மனத்தில் வேறொன்றுமில்லை. பூசை முடியும்வரை அவள் கண் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். வீடு திரும்பியபின் அவர், “ஏன் அழுகிறீர்?” என்று கேட்பது நடிப்பென்று அவள் நினைக்கிறாள். அது நடிப்பன்று. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

இவற்றை நம் முன்னோர் ‘முன்கோபம்’, ‘தொட்டாற்சுருங்கி’, ‘கல்நெஞ்சு’ என்று பெயரிட்டு ஒதுக்கினார்கள். இன்று நமக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். சிலருடைய மூளையும் நரம்பும் பிறப்பிலிருந்தே வேறொரு விதமாக வேலை செய்கின்றன. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும், நேரத்தை அளக்கவும், எழும்பிய உணர்ச்சியைத் தணிக்கவும் சிரமப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்; வைத்தியர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்பார்கள். பிள்ளைகளின் துடியாட்டம் என்று மட்டும் ஒரு காலத்தில் கருதப்பட்ட இது, வளர்ந்தவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். குரலின் தொனியையும் முகக் குறிப்பையும் மறைபொருளையும் நம்மைப்போல் வாசிக்காமல், சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் மற்றொரு அமைப்பு ஓட்டிசம். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரோடு சேர்ந்தவர்களும் இலங்கையின் அரைநகர்ப் பகுதியொன்றில் ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் அதைக் கண்டார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று வாலிபராகிவிட்டனர். அவர்களும் திருமண ஆயத்த வகுப்புக்கு வந்து அமர்வார்கள்.

இனி அந்த வாடிய முகத்துக்கு வருவோம். 1996இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜெரல்டீன் டவ்னியும் அவருடைய துணையாய்வாளரும் இதை ஆராய்ந்தார்கள். சிலர், என்னைத் தள்ளிவிடுவார்களோ என்று பயந்தபடியே காத்திருக்கிறார்கள். சின்னஞ்சிறு குறிப்பிலும் தள்ளுதலைக் கண்டுவிடுகிறார்கள். கண்டவுடன் அளவுக்கு மிஞ்சிப் பதறுகிறார்கள் என்று விளக்கினார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் வந்த டவ்னியின் மற்றொரு ஆய்வு இன்னும் வருத்தமானது: இப்படிப் பயப்படுகிறவர் சண்டைவேளையில் நடந்துகொள்ளும் முறையாலேயே துணைவரின் கோபம் கூடிப்போகிறது. எதைக் கண்டு அஞ்சினாரோ அதைத் தம் கையாலேயே வரவழைத்துக்கொள்கிறார்.

இது மருத்துவ நூல்களின் பட்டியலில் ஒரு தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனாலும் ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் பலர் தங்கள் வாழ்வில் மிகவும் நோகச் செய்வது இதுவே என்கிறார்கள். வியப்பில்லை. முதலாம் வகுப்பிலிருந்து ‘மறந்துவிட்டாயா’, ‘கவனமில்லை’, ‘உன் தம்பியைப் பார்’ என்று பல்லாயிரம் தரம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, முப்பது வயதில் மின்சாரப் பட்டியலைப் பற்றிய கேள்வி வெறுங் கேள்வியாக எப்படிக் கேட்கும்? 1983 ஆடி மாதத்தைக் கொழும்பில் கடந்துவந்த மூத்தோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படலை தட்டும் ஓசைக்கு அவர்கள் நெஞ்சு துள்ளுவது அறிவின் குறைவால் அன்று; உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது.

நம் கத்தோலிக்க வீடுகளில் படமாகத் தொங்கும் ஒருத்தியை இங்கே நினைத்துக்கொள்வோம். குழந்தை யேசுவின் புனித தெரேசம்மாள் 1873ஆம் ஆண்டு தை 2ஆம் தேதி பிறந்தாள். நாலரை வயதில் தாயை இழந்தாள். ஒன்பது வயதில் தாய்க்குத் தாயாயிருந்த மூத்த சகோதரி போலீனும் மடம் புகுந்தாள். அதன்பின் அந்தப் பிள்ளை எதற்கும் அழுதாள். யாருக்காவது தெரியாமல் மனக்கசப்பு உண்டாக்கிவிட்டால் அழுவாள். தேற்றினால், அழுதுவிட்டேனே என்பதற்காக மறுபடியும் அழுவாள். தன் மிஞ்சிய மென்மை பிறருக்குச் சகிக்க முடியாததாக இருந்ததென்று அவளே பின்னாளில் எழுதிவைத்தாள். அவளுக்கு இன்ன நிலைமை என்று வைத்தியப் பெயர் சூட்ட நான் வரவில்லை. ஆனால் அந்த நோவு எப்படிப்பட்டதென்று அவள் அறிந்திருந்தாள்.

1886 நத்தார் இரவு. நடுச்சாமப் பூசை முடிந்து வீடு வந்தார்கள். பிள்ளைகளுக்காகக் கணப்பருகே சப்பாத்தில் பரிசு வைக்கும் வழக்கம் அவ்வூரில் உண்டு. அவளோ இன்னும் எட்டு நாளில் பதினான்கு வயதுக்காரி. தகப்பனார் லூயி மார்ட்டின் களைத்திருந்தார். நல்ல வேளை, இந்த வருடத்தோடு இது முடிகிறது என்ற கருத்தில் சலித்துக்கொண்டார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் அது விழுந்தது. கூட நின்ற சகோதரி செலீன் அவள் கண் கலங்குவதைக் கண்டாள். இப்போதே கீழே போகாதே, போனால் அழுதுவிடுவாய் என்று தடுத்தாள். தெரேசா கண்ணீரை அடக்கிக்கொண்டு இறங்கி வந்து, மலர்ந்த முகத்தோடு பரிசுகளைப் பிரித்தாள், தகப்பனாரும் சிரித்தார். அந்தக் கணத்திலே யேசு தன்னை மாற்றினார் என்பது அவளுடைய சாட்சியம்.

இந்த நிகழ்ச்சியைப் பிரசங்கங்களில் ‘பார், அவளைப்போல் நீயும் கண்ணைத் துடைத்துக்கொள்’ என்று சொல்லப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் அதைத் தன் முயற்சி என்று சொல்லவில்லை, கொடை என்றாள். கொடையை மனைவிக்கோ கணவனுக்கோ கட்டளையாக இடுவதற்கு நமக்கு அதிகாரமில்லை. நமக்குச் செய்யக்கூடியது செலீன் செய்ததே: முகத்தைக் கண்டாள், கேலி செய்யவில்லை, கொஞ்சம் பொறு என்றாள். தகப்பனாரின் வார்த்தையையும் பாருங்கள். அதில் மகள்மேல் வெறுப்பு ஒரு துளியும் இல்லை. தூக்கக் களைப்புத்தான் இருந்தது. கேட்டவளுக்கோ அது ஈட்டியாயிற்று. சொன்னவரும் பொய்யரல்லர், கேட்டவளும் பொய்யள் அல்லள்.

அந்தத் தகப்பனாரே 1889இல் மனநலம் குன்றி, கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஊர் வாய் அந்தக் குடும்பத்தை விட்டுவைக்கவில்லை. 2015இல் அவரும் மனைவி செலியும் ஒன்றாகப் புனிதராக உயர்த்தப்பட்டார்கள். கல்யாணம் பேசும்போது ‘எங்கட பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை’ என்று மறைத்துவிட்டு, பிறகு மருமகள் தலையில் எல்லாவற்றையும் போடும் பெற்றோர் இதைச் சற்று எண்ணுவது நல்லது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நேராகச் சொல்லும் துணைவருக்கு முதலில். உங்கள் மௌனத்துக்குக் காரணத்தையும் வாயால் சொல்லுங்கள். ‘பிறகு கதைப்பம்’ என்பது அஞ்சுகிற நெஞ்சுக்கு முடிவில்லாத இரவு. “எனக்குக் களைப்பு. உம்மில கோபமில்லை. ஏழரைக்குக் கதைப்பம்” என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? ஏழரைக்கு நீங்களாகவே போய் உட்கார வேண்டும். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. கைத்தொலைபேசியில் செய்தியை வாசித்த அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்து, மாலைவரை பதில் வராவிட்டால், காத்திருப்பவர் அதற்குள் தன் மணவாழ்வையே முடித்துப் பார்த்துவிடுவார். ‘வேலை, பிறகு எழுதுகிறேன்’ என்ற மூன்று சொல் போதும். செய்யவேண்டியவற்றைக் கேள்வியாகக் கேட்பதைவிடக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே ஒரு தாளில் எழுதி ஒட்டுவது மேல். தாளுக்குக் குரல் தொனி கிடையாது. மாமியார் மச்சாள்மார் முன்னிலையில் திருத்துவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

காயப்படுகிறவருக்கும் ஒரு பங்கு உண்டு, அது இலேசானதன்று. நெஞ்சில் அந்த நோவு எழும்பும்போது, எழும்பிவிட்டது என்று பெயர் சொல்லிக் காட்டப் பழகவேண்டும். ‘நீ என்னை வெறுக்கிறாய்’ என்பது தீர்ப்பு. ‘நீங்க சொன்னது எனக்கு வெறுப்பு மாதிரிக் கேட்டது, அப்படித்தானா?’ என்பது கேள்வி. தீர்ப்புக்கு எதிர்த்தீர்ப்பு வரும், கேள்விக்குப் பதில் வரும். பதில் ‘இல்லை’ என்று வந்தால், அதை ஒருமுறையாவது நம்பிப் பார்க்கவேண்டும். நாளுக்குப் பத்துத் தரம் ‘என்னில விருப்பமா’ என்று கேட்டு ஆறுதல் பெற்றால், பதினோராம் தரமும் அது தேவைப்படும், சொல்லுகிறவரும் சலித்துப்போவார்.

டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய அறிஞர், தாமே ஓட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓட்டிசம் உள்ளவருக்குப் பிறரை விளங்குவது கடினம் என்கிறோமே, பிறருக்கும் அவரை விளங்குவது அதே அளவு கடினம். பாலத்தின் இரண்டு கரையும் இடிந்திருக்கிறது என்ற பொருளில் எழுதினார். வெள்ளவத்தைச் சீலை விஷயத்தில் இரு கரையையும் கட்டவேண்டும். ‘உண்மையைக் கேட்கவில்லை, எனக்கு உங்கள் சந்தோஷம் வேணும்’ என்று அவள் முன்கூட்டியே சொல்லலாம். அவரும் அதை ஒரு பாடமாகவே கற்றுக்கொள்ளலாம். கற்றுச் செய்வதால் அன்பு பொய்யாகிவிடாது.

பொழுது சாயுமுன் கோபம் தீரவேண்டும் என்று சின்னப்பர் எபேசியருக்கு எழுதினாரே என்பீர்கள். அதைச் சொல்லி நடுச்சாமம்வரை ஒருவரையொருவர் விசாரிக்கிற வீடுகள் உண்டு. கோபத்தைப் போற்றி வளர்க்காதே என்பதே அவர் எண்ணமென்று கொள்கிறேன். பதறிய மனம் அந்த வேளையில் நியாயம் கேட்காது. சாக விரும்பிப் பாலைவனத்தில் விழுந்து கிடந்த எலியாசுக்குச் சம்மனசு முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும், தூங்கவும் விட்டது. கேள்வி பல நாள் கழித்து மலையிலேதான் வந்தது. உயிர்த்த ஆண்டவரும் கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டுப் பசியாறச் செய்தபின்பே இராயப்பரிடம் தம் கேள்வியைக் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது இராயப்பர் மனம் நொந்தார். ஆண்டவர் அந்த நோவைக் கண்டும் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. அதோடு தம் ஆடுகளையும் அவரிடம் ஒப்படைத்தார். மனம் நோகுமே என்று எதையும் சொல்லாதிருப்பதும் அன்பாகாது என்பதை இங்கே காண்கிறேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். காயினுக்கு நோவு உண்மை; கொலைக்கு அது நியாயமாகவில்லை. ‘அவருக்கு மூளை அப்படி’ என்று அடியையும் ஏச்சையும் பொறுத்திருக்கும்படி எந்தப் பெண்ணுக்கும் நாம் புத்தி சொல்லலாகாது. அடி விழும் வீட்டிலிருந்து 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்குப் பேசலாம். தள்ளப்பட்டேன் என்ற எண்ணம் உயிரை மாய்க்கும் எண்ணமாக மாறுவதும் உண்டு, அப்போது காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. கொழும்பில் 1974 முதல் சுமித்ரயோ அமைப்பினர் இப்படிப்பட்டவர்களுக்குச் செவிகொடுத்து வருகிறார்கள். பெரியாஸ்பத்திரியின் உளமருத்துவப் பிரிவுக்குப் போவதும் கண்ணுக்குக் கண்ணாடி போடுவதும் ஒன்றே. கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்தோறும் மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள், அதே செவ்வாயில் வைத்தியரிடமும் போகலாம், அந்தோனியார் கோபிக்கமாட்டார்.

நம் பங்குகளின் திருமண ஆயத்த வகுப்புகளை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுச் செலவு, பிள்ளைப்பேறு, மாமன் மாமி எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. அந்த இரு இளையோரையும் எதிரெதிரே அமர்த்தி இன்னும் இரண்டு கேள்விகளை ஒருவரையொருவர் கேட்கச் செய்யுங்கள்: சிறு வயதில் உமக்குச் சொல்லப்பட்டவற்றில் இன்றும் குத்துகிற சொல் எது? மனம் நொந்தால் நீர் கதைப்பீரா, கதவைச் சாத்துவீரா? பதில் சொல்ல அரை மணி நேரமாவது கொடுங்கள்; சிலருக்குச் சொல் மெதுவாகவே வரும்.