இரு வீடுகளுக்கு இடையில்

பழைய வீட்டை விற்றாயிற்று. புதிய வீடு இன்னும் எழும்பவில்லை. இவ்விடைக்காலத்தில் இல்லறத்தார் எவ்வாறு ஒழுக வேண்டும்? மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் கற்படுக்கை பெற்ற கணி நந்தன் போன்ற துறவியர்க்கு இவ்வினா எழாது. மனைவி மக்களோடும் பண்டபாத்திரங்களோடும் வாழும் சிராவகர்க்கு எழும். இதனைப் பணக்கணக்காக மட்டும் கருதுவோர் பலர்.

மாசி வீதிகளை ஒட்டிய சந்தில் உள்ள பூர்வீக வீட்டை விற்று, ஒத்தக்கடைப் பக்கமோ நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமோ எழும்பும் அடுக்ககத்தில் முன்பணம் கட்டிய குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நடுவில் தங்குவதற்கு மதுரையில் வழக்கமாக நாடுவது ஒத்தி வீடு. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. வீட்டை ஒப்படைக்கும்போது பணம் திரும்பும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்காரர் அப்பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. மகள் திருமணத்துக்கோ பழைய கடனுக்கோ செலவிட்டிருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் நம் பணம் கைக்கு வரும். அதற்குள் கட்டுநரின் தவணை வந்து நிற்கும். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்தியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். முத்திரைத்தாளில் கையெழுத்திடுவதோடு நிறுத்திக்கொள்வோரும் உளர். அவர்கள் பின்னர் எதைக் காட்டிக் கேட்பர்?

ஆக, ஒருவர் சொன்ன தேதியை நம்பி நான்கு குடும்பங்கள் காத்திருக்கின்றன. உயிர்க்கு ஊறு செய்தலை இம்சை எனக் கூறும் தத்துவார்த்த சூத்திரம், பிரமாதமாகிய கவனமின்மையை அதன் காரணமாக வைக்கிறது. எறும்பை மிதியாது நடக்கக் கற்ற நாம், "தை பிறந்ததும் காலி செய்துவிடுகிறோம்" என்னும் சொல்லில் அக்கவனத்தைக் காட்டுகிறோமா?

கட்டுநர் தாமதித்தால் நாம் சும்மா இருப்பதில்லை. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டுச் சட்டம், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. கேட்பது முறையே. ஆயினும், கிரயப் பத்திரம் பதிவாகி முழுத்தொகையும் பெற்ற பின்னர், "இன்னும் இரண்டு மாதம்" என்று பழைய வீட்டிலேயே இருந்துவிடுகிறோமே, அதற்கு என்ன கணக்கு? அவ்வீட்டை வாங்கியவர் தம் வாடகையையும் வங்கித் தவணையையும் ஒருசேரக் கட்டிக்கொண்டிருப்பார். கொடாததைக் கொள்ளுதலே களவு என்பது நம் நூல்கள் கூறும் இலக்கணம். கொடாத நாள்களைக் கொள்ளுதல் எதில் சேரும்? அவர் தாட்சண்யத்தால் தலையசைத்தது கொடுத்ததாகுமா?

"கட்டுநர் தாமதித்ததற்கு நான் என் செய்வேன்?" என்று கேட்கலாம். அக்கட்டுநரைத் தேர்ந்தவர் நாம். பழைய வீட்டை வாங்கியவர் அல்லர். கட்டுநரிடமிருந்து வட்டி பெறுவோமாயின், அதில் முதற்பங்கு அவருடையது என்பதே என் துணிபு. இதனைப் பெருந்தன்மை என்று சொல்லவும் எனக்கு மனமில்லை, அது கடன்.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. சுவாதீனம் ஒப்படைக்கும் நாளையும், அந்நாள் கடந்தால் நாளொன்றுக்கு இவ்வளவு வாடகை என்பதையும் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். கிரயத் தொகையில் ஒரு பகுதியைச் சாவி கைமாறும் நாளில் பெறுவதாகவும் வைத்துக்கொள்ளலாம். இவற்றை வாங்குபவர் வற்புறுத்திக் கேட்பது வழக்கம். விற்பவரே முன்வந்து எழுதச் சொன்னால், பத்திர எழுத்தர் சற்று வியந்து நிமிர்ந்து பார்ப்பார்.