துணைவர் உழைப்பும் தனியாள் உரிமையும்: வேலையற்றோர் உதவி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவன் வேலையை இழக்கின்றான். பிழை அவனுடையதன்று, அவன் உழைத்த ஆலை மூடப்பட்டுவிட்டது. அரசின் உதவியை நாடிச் செல்லும் அவனிடம், "உமது மனைவி என்ன உழைக்கிறார்?" என்று வினவப்படுகின்றது. அவளது சம்பளம் போதுமானதெனக் கருதப்படின் அவனுக்கு உதவி இல்லை. இது நிருவாக வினாவாகத் தோன்றினும், இதனடியில் மெய்யியல் வினாவொன்று உறைகின்றது. தேவையோடு அரசின் முன் வந்து நிற்பது தனியாளா, குடும்பமா? இவ்வினாவோடு நெடுங்காலம் போராடிய நாடு பிரித்தானியா. அதன் அனுபவத்தை அடியொற்றி இதனை ஆராய்தல் பொருத்தமுடையதாகும்.

வேலையற்றோர்க்கு உதவி வழங்குவதில் இரு தத்துவங்கள் உள்ளன. ஒன்று காப்புறுதி, மற்றையது தேவையறிந்து உதவுதல். 1911 ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டம் முதலாவதன்பாற்பட்டது. தொழிலாளி பங்களிப்புச் செலுத்தினான். ஆதலின் வேலை இழந்தபோது கொடுப்பனவு பெற்றான். அங்கே மனைவியின் வருவாய் பற்றிய பேச்சுக்கு இடமிருக்கவில்லை. இரண்டாவது தத்துவமோ, "உமக்கு வேறு வழி உண்டா?" என்று கேட்கின்றது. அவ்வாறு கேட்கத் தொடங்கியதும், வீட்டிலுள்ள ஏனையோரின் பணப்பைகளையும் அது நோக்கவேண்டியதாகின்றது.

அந்நோக்கு எத்துணைக் கொடியதாகலாம் என்பதனை 1931 ஆம் ஆண்டு காட்டிற்று. பொருளாதார நெருக்கடியின் நடுவே அமைந்த தேசிய அரசாங்கம், 26 வாரக் காப்புறுதிக் கொடுப்பனவு முடிந்தோர்க்கு வீட்டு வருமானச் சோதனையை விதித்தது. மகனின் கூலி, மகளின் கூலி, முதிய பெற்றோரின் ஓய்வூதியம் என்பனவும் கணக்கிடப்பட்டன. உழைக்கும் மகன் வீட்டிலிருந்தால் தந்தையின் உதவி குறையும். ஆகவே மகன் வீட்டைவிட்டு வெளியேறி வாடகை அறை தேடினான். இச்சோதனை குடும்பங்களைச் சிதைத்தமையை ஜோர்ஜ் ஓர்வெல் 1937 இல் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்துள்ளார். 1935 இன் தொடக்கத்தில் புதிய கொடுப்பனவு அளவுகள் நடைமுறைக்கு வந்தபோது தென் வேல்சில் மக்கள் பெருந்திரளாகக் கிளர்ந்தெழுந்தனர். அரசாங்கம் பின்வாங்க நேர்ந்தது. ஈற்றில் 1941 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வருமானச் சோதனையை நீக்கிற்று. எனினும் ஒன்றை அது நீக்கவில்லை. மகனின் கூலி கணக்கினின்று விலகியது. கணவன் மனைவியரின் வருவாய் ஒன்றாகவே எண்ணப்பட்டது. ஏனைய உறவுகளைத் தனியாட்களாகக் கண்ட சட்டம், இணையரை மட்டும் ஓருடலாகக் கண்டது.

இதற்குச் சார்பான நியாயத்தை எளிதிற் புறந்தள்ளுதல் தகாது. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின்கீழ் வாழும் இருவர் பொருளால் ஒன்றுபட்டவரே. பெருஞ்செல்வரின் மனைவி வேலை இழந்தமைக்காக, ஏழைத் தொழிலாளி செலுத்தும் வரியிலிருந்து அவளுக்குப் பணம் வழங்குவது நீதியாகுமா? அரசின் நிதி அளவுடையது. அதனை மிகத் தேவையுற்றோர்க்கே முதலிற் கொடுத்தல் வேண்டும் என்னும் வாதம் வலிமையுடையதே.

ஆயினும் இவ்வாதம் ஓர் ஊகத்தின்மேல் நிற்கின்றது. வீட்டுக்குள் வந்த பணம் இருவருக்கும் சமமாகப் பங்கிடப்படுகின்றது என்பதே அவ்வூகம். அது மெய்யென அரசு சோதித்தறிவதில்லை, மெய்யெனக் கொள்கின்றது. குடும்பத்தின் உள்ளேயும் பேரம்பேசலும் வலிமை வேறுபாடும் உண்டென்பதனை அமார்த்தியா சென் எடுத்துக்காட்டினார். நீதி பற்றிய கோட்பாடுகள் வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றன எனச் சூசன் மொல்லர் ஒக்கின் 1989 இல் வெளியிட்ட நூலிற் கண்டித்தார். துணைவரிடம் பணம் இருக்கின்றது என்பதும், கேட்பவருக்கு அது கிடைக்கின்றது என்பதும் ஒன்றல்ல.

கிடைப்பினும் வேறொரு வினா எஞ்சுகின்றது. வள்ளுவர் இரவு என்னும் அதிகாரத்தை அடுத்து இரவச்சம் என்னும் அதிகாரத்தையும் வைத்தமை சிந்திக்கத்தக்கது. கேட்டுப் பெறும் நிலை மனிதனைச் சிறுமைப்படுத்துகின்றது. நேற்றுவரை தன் கூலியைத் தன் கையில் வைத்திருந்தவர், இன்று பேருந்துக் கட்டணத்துக்கும் துணைவரின் முகத்தை நோக்கவேண்டியுள்ளது. அரசின் வாசலில் இரத்தலைத் தவிர்க்க எழுந்த ஒரு திட்டம், இரத்தலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகின்றது. துணைவர் அன்புடையவராயின் அது தாங்கத்தக்கது. அன்பற்றவராயின், வெளியேற விரும்புவோரின் கால்களில் அது விலங்காகின்றது.

அன்பினால் தாங்குதல் கடமையன்றோ எனலாம். கடமையே. ஆனால் அது அன்பு தானே ஏற்கும் கடமை. அதனை அரசு முன்கூட்டியே வரவாக எழுதிக்கொள்ளும்போது அக்கொடையின் இயல்பு மாறிவிடுகின்றது. தான் கொடுக்கவேண்டியதைக் குறைத்துக்கொள்வதற்குப் பிறரின் அன்பை அரசு ஆதாரமாக்குகின்றது. யார் யாரோடு கணவன் மனைவி போல் வாழ்கின்றனர் என்று அதிகாரிகள் ஆராயும் நிலையும் இதன் விளைவே.

இங்கு முரண்பாடொன்றும் புலப்படுகின்றது. பிரித்தானியாவில் 1990 முதல் கணவனும் மனைவியும் வருமான வரிக்குத் தனித்தனியே கணிக்கப்படுகின்றனர். காப்புறுதிப் பங்களிப்பும் அவரவர் சம்பளத்திலிருந்தே அறவிடப்படுகின்றது. பெறும்போது தனியாளாகக் காணும் அரசு, தேவைக்கேற்ப உதவும்போது இணையராகக் காண்கின்றது. 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த ஒருங்கிணைந்த கொடுப்பனவில் இருவரின் வருவாயும் ஒன்றாகவே கணக்கிடப்படுகின்றது. வேலைக்குச் செல்லும் துணைவரின் கைக்கு வரும் சம்பளத்தில், விலக்களிக்கப்பட்ட தொகை இருப்பின் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் உதவியிலிருந்து குறைகின்றது. ஒருவரின் வேலையின்மை மற்றவரின் உழைப்பின் பயனையும் இவ்வாறு அரித்துவிடுகின்றது.

எனினும் பழைய காப்புறுதித் தத்துவம் முற்றாக அழிந்துவிடவில்லை. போதிய பங்களிப்புச் செலுத்தியோர் வேலை தேடும் காலத்தில் ஆறு மாதம் வரை பெறும் கொடுப்பனவில் துணைவரின் உழைப்புக் கருத்திற் கொள்ளப்படுவதில்லை. அந்த ஆறு மாதமும் அவர் தனியாளாக மதிக்கப்படுகின்றார். ஏழாவது மாதத்தில் அவரது ஆளுமை எங்கே மறைந்துபோகின்றது என்பதற்குத் தத்துவ விடை எதுவும் இல்லை. நிதி விடையே உண்டு.

நிதி விடையும் ஒரு விடையே. இரு பக்க நியாயங்களையும் சீர்தூக்குமிடத்து, உதவியின் முழு அளவைக் குடும்பத்தின் நிலை கொண்டு அளவிடுதல் தவிர்க்கவியலாததாகலாம். ஆனால் ஒரு பகுதியேனும், சிறிதாயினும், வேலை இழந்தவரின் பெயரில், அவரது கையில் வந்து சேர்தல் வேண்டும். வறுமை குடும்பத்துக்குப் பொதுவாகலாம். மானம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது. அதனை இணையரின் கூட்டுக் கணக்கில் எழுதிவிட எந்த அரசுக்கும் உரிமை இல்லை.