இரும்பு தோற்பதில்லை

1949-இல் அமெரிக்காவின் மெக்கல்லக் நிறுவனம், ஒருவரே தூக்கி அறுக்கக்கூடிய ‘3-25’ சங்கிலி ரம்பத்தைக் கொண்டுவந்தது. எடை 25 பவுண்டு. அதையும் அதன் பின் வந்த பழைய ரம்பங்களையும் இன்றும் சிலர் தேடிப்பிடித்து உயிர்ப்பிக்கிறார்கள். கடையில் உதிரிபாகம் கிடைப்பது அரிது. ஓடாத இரண்டைப் பிரித்து ஓடும் ஒன்றைச் சேர்ப்பார்கள். இணைப்புகளில் கசிவைத் தடுக்க வைக்கும் பேக்கிங் ஷீட்டை வாங்கித் தாங்களே வெட்டிக்கொள்வார்கள்.

பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பு. வார்ப்பு உடலும் கிராங்கும் பல நேரம் நலமாகவே இருக்கும். கெட்டிருப்பவை கார்புரேட்டரின் மெல்லிய சவ்வு, பெட்ரோல் குழாய், கிராங்க் முனைகளில் உள்ள ரப்பர் சீல்.

சீல் வெடித்தால் காற்று புகும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. காற்று மிகுந்தால் இரண்டுமே போதாமல் போகும். ஆனால் இன்ஜினோ முன்பைவிட வேகமாகச் சீறும். அணையப்போகும் விளக்கின் பிரகாசம் அது. சற்று நேரத்தில் பிஸ்டன் சூடேறிக் கீறிப்போகும். பிஸ்டனை மட்டும் மாற்றியவர் மறுபடி பிஸ்டன் தேடி அலைவார். சீலையும் மாற்றியவர் மரம் அறுப்பார்.

பெரியது உடைந்தால், சிறியது எங்கே கசிந்தது என்று முதலில் பாருங்கள். ரம்பத்துக்கு மட்டும் சொன்னதல்ல இது.