தாங்குவோர் யார்?

ஈக்காட்டுத்தாங்கல் என்னும் ஊர்ப்பெயரில் நீரின் நினைவு ஒன்று தங்கியிருக்கிறது. தாங்கல் என்பது சிறு ஏரியைக் குறிக்கும் பழஞ்சொல். தாங்குதல் என்பதற்கோ சுமத்தல், பொறுத்தல் என்னும் பொருள்களும் உண்டு. நிலைத்த வளர்ச்சி என்று உலகம் முழுவதும் பேசப்படும் இந்நாளில், அவ்வூர்ப்பெயரே நம்மை நோக்கி ஒரு வினாவை எழுப்புகிறது: இவ்வளர்ச்சியின் சுமையைத் தாங்குவோர் யார்?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது ஈக்காட்டுத்தாங்கலின் தெருக்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆயினும் இரண்டின் சுமையும் பெரும்பாலும் ஒரே தோள்களில்தான் இறங்கின. வீட்டினுள் புகுந்த சேற்றை வாரியவர்களும், தண்ணீர் லாரிக்காக நள்ளிரவில் குடங்களோடு விழித்திருந்தவர்களும் பெரும்பாலும் பெண்களே.

2019-ஆம் ஆண்டில் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிட்டனர். அத்தகைய பணிகளில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டதோ 97 நிமிடங்கள். நகரின் நீர் மேலாண்மை தவறும்போதெல்லாம் அத்தவற்றை ஈடுசெய்வது இந்தக் கணக்கில் வராத உழைப்பே. ஒருவரின் உறக்கத்தையும் உடல்நலத்தையும் விலையின்றி எடுத்துக்கொண்டு நிற்கும் ஏற்பாட்டை நாம் நிலைத்தது என்று சொல்லலாமா?

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. நார்வே நாட்டின் வடகோடியில் சாமி என்னும் பெயருடைய பழங்குடியினர் கலைமான்களை மேய்த்து வாழ்கின்றனர். அங்கே அல்தா ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்ட அரசு முனைந்தபோது அவர்கள் எதிர்த்தனர். 1981 பிப்ரவரியில் சாமி இனப் பெண்கள் சிலர் தலைநகருக்குச் சென்று, அப்போதுதான் பதவியேற்றிருந்த பிரதமர் குரோ ஹார்லெம் புருந்த்லாந்தின் அலுவலகத்தில் அமர்ந்துவிட்டனர். இறுதியில் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அணையும் 1987-இல் நிறைவுற்றது. புருந்த்லாந்து தலைமையேற்ற ஐ.நா. ஆணையத்தின் புகழ்பெற்ற அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராவண்ணம் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே நிலைத்த வளர்ச்சி என்று உலகுக்கு அவ்வறிக்கை எடுத்துரைத்தது.

அந்நாட்டின் முதல் பெண் பிரதமர் அவர். அவர்முன் வந்து அமர்ந்தவர்களும் பெண்களே. எனினும் அணை எழுந்தது. பெண் ஒருவர் உயர்பதவியில் அமர்வது நீதியே. ஆனால் கடைக்கோடியில் நிற்கும் பெண்ணின் சொல் செவிமடுக்கப்படுவதற்கு அது மட்டும் போதாது. இன்னும் பிறவாத தலைமுறைக்காகக் கவலைப்படுவது உயர்ந்த அறம். எதிரே அமர்ந்திருப்பவரைக் கேட்பது அதற்கும் முந்திய அறம்.

நம் அடையாற்றங்கரைக்கு வருவோம். வெள்ளத்துக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. ஆற்றின் வழியில் குடியிருப்பது உயிருக்கே ஆபத்து அன்றோ என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்கள் பலர், தொலைவின் காரணமாக அவ்வேலையை இழந்தனர். எங்கே, எப்போது, எவ்வாறு குடியேறுவது என்பதை அவர்களோடு அமர்ந்து முடிவு செய்திருந்தால், உயிர்க்காவலும் பிழைப்பும் ஒருசேரக் கிட்டியிருக்கக் கூடும். நல்ல நோக்கம் ஒன்றே ஒரு முடிவை நீதியாக்கிவிடாது. அதன் விளைவைச் சுமக்கப்போகிறவரின் சம்மதமும் வேண்டும்.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வழங்கிய ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலும் இதையே வலியுறுத்துகிறது: திட்டங்களைப் பற்றிய உரையாடலில் அவ்விடத்து மக்களுக்குச் சிறப்பிடம் தரப்பட வேண்டும் என்கிறது. தமிழகத்திலோ 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. இருக்கை கிடைத்திருக்கிறது, அதில் அமர்பவரின் சொல்லுக்கு மதிப்புக் கிடைப்பது நம் கையில் இருக்கிறது.

அதை நாம் நம் வாசலிலிருந்தே தொடங்கலாம். தெருவுக்குக் குழாய் எங்கே வேண்டும், மழைநீர் எவ்வழி வடிய வேண்டும் என்பவற்றைக் குடம் சுமப்பவர் நன்கறிவார். நம் அன்பியக் கூட்டங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் இவற்றைப் பற்றிப் பேச்செழும்போது, தேநீர் பரிமாற எழுந்து செல்லும் பெண்ணை அமரச் செய்து, அவர் கருத்தை முதலில் கேட்போம். தேநீரை அன்று ஆண்கள் பரிமாறட்டும்.